கண்மாய்க்குள் மீனுக்குப் பந்தல்: கட்டுவதும் கல் போட்டு நிறுத்துவதும்

நாலு வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மழை பிடித்த மூன்றாம் நாள் விடிகாலையில் எங்கள் கண்மாயின் மடையைத் திறந்து மூடி வயல்களுக்குத் தண்ணீர் விடும் நீர்பாய்ச்சி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உரச்சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தார். "மாப்ள, மீனுக்கு வீடு கட்டுறேன்னு சொல்லி மடைக்குப் பூட்டுப் போட்டுட்டியேப்பா. வந்து எடுத்துவிடு" என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை.

போய்ப் பார்த்தால், ஆடியில் நான் கட்டிப்போட்ட சீமைக்கருவேல் கிளைக்கட்டு கரையோரமாகவே நகர்ந்து வந்து மடைத்தூண்களுக்கு நடுவில் குறுக்காக உட்கார்ந்திருந்தது. தேங்காய்க்கயிறு இற்றுப்போயிருந்தது. எடைக்கு வைத்த மணல்மூட்டை கிழிந்து வெறும் சாக்கு மட்டும் வால் மாதிரி தொங்கியது. நானும் மச்சானும் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று அரிவாளால் ஒவ்வொரு கிளையாக நறுக்கி எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. மடையில் மாட்டியதோடு போயிற்று. உபரித் தண்ணீர் வழியும் மறுகாலில் போய் அடைத்திருந்தால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கரைக்கே ஆபத்து.

மீனுக்குத் தண்ணீருக்கடியில் இப்படிக் கிளைகளால் மறைவிடம், அதாவது பந்தல், கட்டுவது ஒரு நாள் வேலை. அதைப் போட்ட இடத்தில் நிற்க வைப்பதுதான் வித்தை. அதிலும் நம் பக்கத்துக் கண்மாய்கள் வருடம் ஒரு முறை வற்றி, மறுபடி நிரம்புபவை. வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கும் ஏரிக்குச் சொன்ன யோசனையை இங்கே அப்படியே செய்தால் எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும். ஆகவே கட்டுவதைவிட நிறுத்துவதைப் பற்றித்தான் இதில் அதிகம் எழுதியிருக்கிறேன்.

இது எதற்கு, எதற்கு இல்லை

தண்ணீரில் கிடக்கும் ஒரு கிளையை இரண்டு மூன்று வாரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். வழவழவென்று ஒரு படலம் பிடித்திருக்கும். பாசி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், சின்னப் புழுக்கள் எல்லாம் சேர்ந்த படலம் அது. ரோகு, ஜிலேபி மாதிரி மீன்கள் அதை மேய்ந்து தின்னும். ஆடு வேலியை மேய்கிற மாதிரிதான். கிளை எவ்வளவு சிம்பு சிம்பாக இருக்கிறதோ அவ்வளவு மேய்ச்சல் பரப்பு.

இரண்டாவது பயன், பறவை. நீர்க்காகம் கூட்டமாக இறங்கினால் விரல் நீளக் குஞ்சுகள் தப்பிக்க வெட்டவெளிக் கண்மாயில் இடமே கிடையாது. கிளைக்கட்டுக்குள் நுழைந்துவிட்டால் நீர்க்காகத்தால் துரத்த முடியாது.

மூன்றாவது, முட்டை. சாதாக் கெண்டையின் முட்டை ஒட்டும் தன்மை உள்ளது. நீர்ச்செடி, வேர், கிளை என்று எதிலாவது ஒட்டிக்கொண்டுதான் பொரிக்கும். விரால் கரையோரச் செடிகொடிக்குள் கூடு அமைத்துக் குஞ்சுகளைக் காவல் காக்கும்.

ஆனால் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் நின்ற தண்ணீரில் தானாக இனப்பெருக்கம் செய்யாது. அவற்றுக்கு ஆற்றுவெள்ளம் வேண்டும், இல்லாவிட்டால் பண்ணையில் ஊசி போட்டுத்தான் முட்டை எடுக்க வேண்டும். பந்தல் போட்டால் ரோகு பெருகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். வாங்கி விட்ட குஞ்சு பிழைக்கும் வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். கட்லா மேல்மட்டத்தில் தின்னும், மிர்கால் தரையில் தின்னும். அதனால் பந்தலில் அதிகம் மேய்வது நடுமட்டத்து ரோகுதான்.

இன்னொன்று: பந்தல் மீனை ஓரிடத்தில் கூட்டும். கூட்டம் சேர்ந்ததைப் பார்த்துவிட்டுத் தினமும் அங்கேயே வலை வீசினால், இருப்பதையும் சீக்கிரம் காலி செய்ய நாமே வழி போட்டுக்கொடுத்த மாதிரி ஆகும்.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. கேரளத்துக் காயல்களில் மரக்கிளைகளை நட்டு மீன் சேரவிட்டுப் பிடிப்பதைப் படல் என்கிறார்கள். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் கண்டல் கிளைகளை வைத்து இதையே செய்கிறார்கள். அங்கெல்லாம் தண்ணீர் வற்றுவதில்லை என்பது மட்டும் வித்தியாசம்.

யாரிடம் கேட்க வேண்டும்

சொந்தப் பட்டா நிலத்துப் பண்ணைக்குட்டை என்றால் யாரையும் கேட்க வேண்டாம். கண்மாய் என்றால் கேட்காமல் ஒரு குச்சி கூடப் போடாதீர்கள். 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பொறுப்பு. மீன்பாசி குத்தகை, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய சம்மதமும் வேண்டும், ஏனென்றால் இழுவலை போடும்போது உங்கள் பந்தலில் வலை மாட்டிக் கிழிந்தால் நஷ்டம் அவருக்குத்தான்.

எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அப்புறம் ஆயக்கட்டு விவசாயிகளிடமும், முக்கியமாக நீர்பாய்ச்சியிடமும், வாயால் சொல்லுங்கள். காகிதத்தைவிட அவர் தலையாட்டுவதுதான் நடைமுறையில் பெரிய அனுமதி.

மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கம் மாதிரி மீன்பிடித் திருவிழா நடக்கிற ஊர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றியதும் ஊத்தா, கச்சா, வலை, கூடை என்று கையில் கிடைத்ததோடு நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் வெறுங்காலோடு இறங்குவார்கள். சேற்றுக்குள் ஒரு முள்ளோ துருப்பிடித்த கம்பியோ இருந்தால் யார் காலில் ஏறும் என்று சொல்ல முடியாது. அந்த ஊர்களில் முள்மரம் வேண்டவே வேண்டாம். திருவிழாவுக்கு முன்பே பந்தலைப் பிரித்து எடுத்துவிட வேண்டும்.

எப்போது, எங்கே

நமக்கு இருக்கும் பெரிய வசதி, கண்மாய் காய்ந்து கிடக்கும் மாதங்கள். வைகாசி முதல் ஆடி வரை தரையில் நடந்து போய், குழி தோண்டி, கல் புதைத்து, சாவகாசமாகக் கட்டலாம். படகு வேண்டாம், நீச்சல் வேண்டாம். பெரியாறு பாசனப் பகுதியாக இருந்தால் கால்வாய்த் தண்ணீர் வருவதற்கு முன் வேலை முடிந்திருக்க வேண்டும். மானாவாரிக் கண்மாய் என்றால் ஆவணி கடைசி வரை நேரம் உண்டு. அதற்கு மேல் தள்ளினால் மழை முந்திக்கொள்ளும்.

காய்ந்த தரையில் நின்றுகொண்டு இங்கே எத்தனை அடித் தண்ணீர் நிற்கும் என்று எப்படித் தெரியும்? கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். மறுகாலின் மேல்மட்டம்தான் கண்மாய் நிரம்பும் அளவு. அந்த மட்டத்தில் குழாயின் ஒரு முனையை மச்சான் பிடித்துக்கொள்ள, நீங்கள் கண்மாய்க்குள் இறங்கி ஒரு சவுக்குக் கம்பை நட்டு அதே மட்டத்தைக் கம்பில் குறியுங்கள். குறியிலிருந்து தரை வரை அளந்தால் அதுதான் நிறைந்த கண்மாயின் ஆழம். குழாய் எட்டாத தூரம் என்றால் கம்பிலிருந்து கம்புக்கு மாற்றிக்கொண்டே போகலாம். குழாய்க்குள் ஒரு சின்னக் காற்றுக்குமிழி இருந்தாலும் மட்டம் தப்பாகக் காட்டும், அதைத் தட்டி வெளியேற்றிவிட்டு அளந்து பாருங்கள்.

நிறைந்த நிலையில் 6 முதல் 8 அடி ஆழம் வருகிற இடம் நல்லது. பந்தலின் உயரம் 3 அடிக்கு மேல் வேண்டாம். மழை நின்றதும் ஆவியாவதே தினமும் சில மில்லிமீட்டர் போகும். அதோடு வயலுக்குப் பாய்ச்சுவதும் சேர்ந்தால் தை, மாசிக்குள் பாதி இறங்கிவிடும். ஆழமில்லாத இடத்தில் போட்டால் மீன் குடியேறும் நேரத்தில் பந்தல் வெயிலில் நிற்கும். கண்மாயிலேயே ஆழமான இடம் பெரும்பாலும் மடைக்கு முன்னால்தான் இருக்கும். ஆசை வரும். போடாதீர்கள்.

மடை, மறுகால், தண்ணீர் வந்து சேரும் வரத்துக்கால் வாய், கரையின் அடி, இந்த நான்கிலிருந்தும் குறைந்தது 100 அடி தள்ளிப் போடுவது என் கணக்கு. வரத்துக்கால் நேர்க்கோட்டில் 100 அடி தள்ளினாலும் போதாது. முதல் வெள்ளம் அந்தக் கோட்டில்தான் மரம் மட்டையோடு வரும். ஆட்கள் குளிக்கும் படித்துறை, எருமை இறங்கும் இடம் ஆகியவற்றையும் விட்டுவிடுங்கள்.

இழுவலைக்குப் பாதை விடுவதும் முக்கியம். கண்மாய் முழுக்கப் பரவலாகப் போடாமல், ஒரு பக்கத்தில் மூன்று நாலு பந்தலை வரிசையாக 30, 40 அடி இடைவெளியில் வைத்தால், மற்ற பரப்பு முழுக்க வலைக்காரருக்குச் சுத்தமாகக் கிடைக்கும்.

என்ன மரம்

சீமைக்கருவேல் எல்லா இடத்திலும் கிடக்கிறது, கனமான கட்டை, தண்ணீரில் நன்றாகத் தாங்கும். ஆனால் கண்மாய்க்குள் நிற்பதை நீங்களாக வெட்டக் கூடாது. அது அரசு சொத்து, ஏலம் விட்டுத்தான் வெட்டுவார்கள். பட்டாக் காட்டில் வெட்டியதை வாங்குங்கள். மணிக்கட்டுப் பருமனுள்ள கிளைகளை எடுத்து முள்ளை அரிவாளால் சீவித் தள்ளுங்கள். நெற்று தொங்கினால் உதிர்த்துவிடுங்கள். கண்மாய்க்குள் நாமே விதை விதைத்தோம் என்று இருக்கக் கூடாது. முள் சீவ நேரமில்லை என்றால் புளியங்கிளை, வேப்பங்கிளை நல்லது. கொய்யா, மாமரம் கவாத்து செய்த கிளையும் ஆகும்.

பச்சையாகப் போடாதீர்கள். வெட்டி மூன்று வாரம் வெயிலில் போட்டால் இலை தானாகக் கொட்டிவிடும். பச்சை இலை தண்ணீருக்குள் அழுகும்போது ஆக்சிஜனைத் தின்றுவிடும். சின்னப் பண்ணைக்குட்டையில் இது ஒரு இரவில் மொத்த மீனையும் சாய்க்கும். விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடினால் ஆக்சிஜன் போதவில்லை என்று அர்த்தம்.

கள்ளி வகை எதுவும் வேண்டாம். திருகுகள்ளிப் பாலைத் தண்ணீரில் கலந்து மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கமே உண்டு. பெயின்ட் அடித்த பலகை, கரையான் மருந்து பூசிய மரம், பழைய டயர் இவற்றையும் ஒதுக்குங்கள்.

டயரைப் பற்றி ஒரு கதை சொல்லியாக வேண்டும். 1970களில் அமெரிக்காவின் புளோரிடாக் கடலோரத்தில் மீன் சேரட்டும் என்று சுமார் 20 லட்சம் பழைய டயர்களைக் கட்டுக்கட்டாகக் கடலில் இறக்கினார்கள். கட்டியிருந்த நைலானும் இரும்புக் கொக்கியும் நாளடைவில் விட்டுப்போயின. அலையில் உருண்ட டயர்கள் பக்கத்தில் இருந்த உண்மையான பவளப்பாறையைப் போய் இடித்தன. பிறகு பல வருடம் ஆட்களை விட்டுப் பொறுக்கி எடுக்க வேண்டியதாயிற்று. பெரிய கடலானாலும் எங்கள் கண்மாய் மடையானாலும் விட்டுப்போனது கட்டுதான்.

எடைக் கணக்கு

இதை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள்.

கல்லுக்குத் தரையில் ஒரு எடை, தண்ணீருக்குள் ஒரு எடை. 100 கிலோ கருங்கல் தண்ணீருக்குள் 62 கிலோதான். கான்கிரீட் 58 கிலோ. மணல்மூட்டை 50 கிலோ என்றால் உள்ளே 31 கிலோ. மரமோ மேல்நோக்கித் தூக்கும். காய்ந்த கட்டை 20 கிலோ இருந்தால், ரகத்தைப் பொறுத்து, 6, 7 கிலோ அளவுக்கு மேலே தூக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

மூங்கில் இன்னும் மோசம். கணுவுக்குக் கணு உள்ளே காற்று அடைத்திருப்பதால் 10 கிலோ மூங்கில் 15 கிலோ வரை மேலே தூக்கக்கூடும். ஒவ்வொரு கணுவிடைக்கும் மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு ஓட்டை போட்டுத் தண்ணீர் உள்ளே போக விட்டால் அது 4, 5 கிலோவாகக் குறைந்துவிடும். ஒரு டிரில்லிங் மெஷினோடு அரை மணி நேர வேலை. கல் சுமக்கும் வேலை மூன்றில் ஒரு பங்காகக் குறையும்.

கணக்குப் போடப் பிடிக்காதவர்களுக்கு என் குறுக்குவழி: பம்புசெட் தொட்டியில் அதே கிளையில் சின்னக் கட்டு ஒன்றைப் போடுங்கள். அது மெல்ல மூழ்கும் வரை கல் கட்டுங்கள். எத்தனை கல் ஆனதோ அதை மூன்றால் பெருக்குங்கள். பிறகு பெரிய கட்டுக்கு அதே விகிதம்.

ஏன் மூன்று மடங்கு? மூழ்குவது வேறு, நகராமல் நிற்பது வேறு. காற்றடித்து அலை எழும், வரத்துத் தண்ணீர் தள்ளும், யாராவது வலையோடு சேர்த்து இழுப்பார்கள். மரம் சில வாரத்தில் நீர் குடித்துக் கனத்துவிடும், அப்புறம் பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கும் ஏரிக்கு அது சரி. நம் கண்மாயில் கோடை வந்தால் கட்டு முழுக்க எலும்பாகக் காய்ந்துபோகும். அடுத்த ஐப்பசியில் அது மறுபடியும் முதல் நாள் மாதிரி மிதக்கப் பார்க்கும். கயிறோ அதற்குள் ஒரு வருடம் கிழடாகியிருக்கும். எனக்குத் தெரிந்து மிதந்து போன பந்தல்களில் பாதி இரண்டாம் வருடத்தில் போனவைதான்.

புதைகல்: காய்ந்த தரையில் செய்யக்கூடிய நல்ல நங்கூரம்

முளைக்குச்சி அடித்துக் கட்டினால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். காய்ந்த கண்மாய்த் தரையில் கடப்பாரை கூட இறங்காது, அவ்வளவு கெட்டி. தண்ணீர் வந்து பத்து நாளில் அதே இடம் கொழகொழவென்று சேறாகிவிடும். முளை தானாக உருவிக்கொண்டு வரும். அதனால் கல்லைப் புதைக்க வேண்டும்.

ஒவ்வொரு பந்தலுக்கும் இரண்டு குழி, எதிரெதிர்ப் பக்கமாக. 2 அடி ஆழம், ஒன்றரை அடி அகலம் போதும். தரை கெட்டியாக இருந்தால் முந்தின நாள் சாயங்காலம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுங்கள், காலையில் மண்வெட்டி இறங்கும். குழிக்குள் நீளவாக்கான ஒரு கருங்கல். 25, 30 கிலோ இருக்கலாம். கல் குவாரி இருக்கும் பக்கம் என்றால் உடைந்த துண்டுகள் சல்லிசாகக் கிடைக்கும்.

கல்லின் இடுப்பில் 10 மில்லி நைலான் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடியுங்கள். கருங்கல் விளிம்பு கத்தி மாதிரி, நைலானை ஒரு சீசனிலேயே அறுத்துவிடும். பழைய தோட்டக் குழாயை ஒரு முழம் வெட்டி, கயிற்றை அதற்குள் கோத்து, விளிம்பில் படும் இடத்தில் குழாய் வரும்படி வையுங்கள். பத்து ரூபாய் வேலை. என் கட்டுகளில் இதுவரை கயிறு அறுந்ததெல்லாம் இந்தக் குழாய் போடாத இடத்தில்தான்.

கல்லைக் குறுக்காகப் படுக்க வைத்து, கயிற்றின் இரண்டு முனையையும் மேலே விட்டு, மண்ணை முழுதாகக் கொட்டாமல் அரை அடிக்கு ஒரு முறை தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்துக்கொண்டே மேலே வாருங்கள். தளர்வாக மூடிய குழி, தண்ணீர் வந்ததும் உள்வாங்கும், கயிறும் தொய்யும்.

பண்ணைக்குட்டையில் தார்ப்பாலின் விரித்திருந்தால் குழியும் கிடையாது, கருங்கல்லும் கிடையாது. ஓட்டை விழுந்தால் குட்டையே போயிற்று. இரண்டு மூன்று சணல்சாக்கை மடித்துக் கீழே போட்டு, அதன் மேல் மணல் நிரப்பிய மூட்டைகளை வைத்து, பந்தலை அந்த மூட்டைகளின் மேலேயே உட்கார வையுங்கள். மணல்மூட்டைக்குச் சாக்கை இரட்டையாகப் போடுங்கள். உரச்சாக்கு வெயில் பட்டால் சில மாதத்தில் பொடிந்துவிடும். என் முதல் மூட்டை கிழிந்ததும் அப்படித்தான்.

கட்டும் முறை

6 அடி நீளமுள்ள இரண்டு தடித்த கட்டைகளைப் பெருக்கல் குறி மாதிரி தரையில் வையுங்கள். நடுவில் இறுக்கிக் கட்டுங்கள். இதுதான் அடித்தளம், புதைகல் கயிறுகள் இதில்தான் முடியப்படும், மேலே உள்ள கிளைகளில் அல்ல. கிளையில் கட்டினால் கிளை முறிந்ததும் மொத்தமும் போகும்.

அதன் மேல் ஒரு அடுக்குக் கிளை தெற்கு வடக்காக, அடுத்த அடுக்கு கிழக்கு மேற்காக. தடித்தது அடியில், சிம்பு மேலே. இடைவெளிதான் சூட்சுமம். நடுப்பகுதியில் கைமுஷ்டி நுழையும் அளவுக்கு நெருக்கமாக வையுங்கள், அது குஞ்சுகளுக்கு. ஓரங்களில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், அது மேய வரும் பெரிய மீனுக்கு. விறகுக்கட்டு மாதிரி இறுக்கிக் கட்டினால் உள்ளே தண்ணீரே ஓடாது, மீனும் நுழையாது. முதல் வருடம் நான் கட்டியது விறகுக்கட்டுதான்.

மூன்றாவது அடுக்கு முடிந்ததும் 3 அடி உயரம் வந்திருக்கும். இப்போது அடித்தளக் கட்டையிலிருந்து மேலே ஏறி மறுபக்கம் இறங்கும்படி 6 மில்லி நைலான் கயிற்றால் இரண்டு திசையிலும் கட்டுங்கள். பார்சலுக்குச் சணல் கட்டுகிற மாதிரி. நைலான் நனைந்தால் கொஞ்சம் நெகிழும். கட்டுவதற்கு முன் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரமாகவே இறுக்குங்கள். முனைகளைத் தீக்குச்சியால் உருக்கி அடைத்தால் பிரியாது. ஒரே கயிற்றில் எல்லாவற்றையும் ஓட்டாமல் தனித்தனித் துண்டாகக் கட்டுங்கள். ஒன்று அறுந்தாலும் மற்றது நிற்கும்.

கட்டுக்கம்பி வேண்டாம். ஒரே சீசனில் துருப்பிடித்து முறியும், முறிந்த முனை சேற்றில் நிற்கும். கடையில் கயிறு வாங்கும்போது நைலானா, பாலிபுரொப்பிலீனா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டாவது மிதக்கும் ரகம், அறுந்தால் வலையிலும் மோட்டார் குழாயிலும் போய்ச் சுற்றும். நைலான் கீழே போகும்.

கடைசியாக, புதைகல் கயிறுகளை அடித்தளக் கட்டையில் முடியுங்கள். தொய்வே இருக்கக் கூடாது. நாலு விரல் தொய்வு இருந்தாலும் அலையில் கட்டு ஏறி இறங்கி, ஏறி இறங்கி கயிற்றைத் தேய்க்கும். முடித்த பிறகு இரண்டு பேர் கட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்து முழு பலத்தோடு தூக்கிப் பாருங்கள். அசைந்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுங்கள். எடைக் கணக்கில் சந்தேகம் இருந்தால் அடித்தளக் கட்டைகளின் மேலேயே இரண்டு தட்டையான கல்லையும் வைத்துக் கட்டிவிடுங்கள்.

மரம் வேண்டாதவர்களுக்கு வாளி மரம்

பழைய சொட்டுநீர்க் குழாய் கிடக்கிறதா? 16 மில்லி கறுப்புக் குழாயை 3, 4 அடித் துண்டுகளாக 15 வெட்டுங்கள். பெயின்ட் வாளி ஒன்றில் அரை வாளி, அதாவது 10 லிட்டர் அளவு கான்கிரீட் போட்டால் 24 கிலோ வரும், தண்ணீருக்குள் 14 கிலோ. அதில் குழாய்களைச் செருகுங்கள். அந்த பிளாஸ்டிக்கில் சிமெண்ட் ஒட்டாது. அதனால் ஒவ்வொரு குழாயின் அடியிலும் குறுக்கே ஒரு ஆணியைச் செருகி, பிறகு கான்கிரீட்டுக்குள் விடுங்கள், உருவிக்கொண்டு வராது. கான்கிரீட்டுக்குச் சற்று மேலே ஒவ்வொரு குழாயிலும் ஒரு ஓட்டை போட்டால் உள்ளே காற்று நிற்காது. பிளாஸ்டிக் தண்ணீரைவிடக் கொஞ்சம் லேசு என்பதால் குழாய்கள் தண்ணீருக்குள் நாணல் மாதிரி விறைத்து நிற்கும்.

ஒரு வாரம் தண்ணீர் காட்டிக் காயவிட்டு, வாளியைக் கழற்றிவிட்டு, தொட்டியில் இரண்டு மூன்று வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவையுங்கள். புதுச் சிமெண்டின் காரம் சின்னக் குட்டைத் தண்ணீருக்கு ஆகாது. வலை மாட்டாது, முள் கிடையாது, திருவிழாவுக்கு முன் தூக்கி வைத்துவிடலாம். பண்ணைக்குட்டைக்கு நான் இதைத்தான் சொல்வேன். மேய்ச்சல் பரப்பு மரத்தளவு வராது. கோடையில் கண்மாய் காய்ந்தால் வெயிலில் விடாமல் எடுத்து நிழலில் வையுங்கள், இல்லாவிட்டால் பழைய குழாய் நாளடைவில் வெயிலில் வெடித்துவிடும்.

பெரிய விட்டமுள்ள பிவிசி குழாய்த் துண்டுகளை அடுக்கிப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: 4 அங்குலக் குழாய் கெளுத்திக்குப் பிடித்த பொந்து. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி உங்கள் தண்ணீரில் ஏற்கெனவே புகுந்திருந்தால் அதற்கு மாளிகை கட்டிக் கொடுத்த மாதிரி. அது மற்ற மீன் குஞ்சுகளைத் தின்று கொழுக்கும்.

தண்ணீர் நின்ற பிறகு போட வேண்டியிருந்தால்

முடிந்தவரை வேண்டாம். கட்டாயம் என்றால் மரப்பந்தலை விட்டுவிட்டு வாளி மரத்தை மட்டும் இறக்குங்கள். லாரி டியூப் இரண்டைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை போட்ட தெப்பம் போதும். குறைந்தது இரண்டு பேர், இரண்டு பேருக்கும் மிதவைச் சட்டை, கரையில் மூன்றாவது ஆள். நீச்சல் தெரியும் என்பது கணக்கில்லை. இறக்கும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். காலடியில் கயிற்றுச் சுருள் கிடக்கக் கூடாது. 24 கிலோ கல் கீழே போகும்போது சுருளுக்குள் இருக்கும் காலையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் போகும். வீசி எறியாமல், மெல்ல விட்டு விட்டு இறக்குங்கள்.

அடையாளமும் அதற்குப் பிறகும்

செல்போனில் இடத்தைக் குறித்து வையுங்கள். அதைவிட நம்பகமானது பழைய வழி. பந்தல் மேல் நின்றுகொண்டு, கரையில் உள்ள ஒற்றைப் பனையும் அதற்குப் பின்னால் கோயில் கோபுரமும் ஒரே நேர்க்கோட்டில் தெரிகிறதா என்று பாருங்கள். வேறு பக்கத்தில் இதே மாதிரி இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் பந்தல். குத்தகைக்காரரிடமும் இதைக் காட்டிக் கொடுத்துவிடுங்கள். மிதவை கட்டினால் திருடனுக்கும் அடையாளம் ஆகிவிடுகிறது என்பது என் அனுபவம்.

முதல் பெருமழை முடிந்த மறுநாள் மடையையும் மறுகாலையும் போய்ப் பாருங்கள். ஒரு சிம்பு தனியாக வந்திருந்தால் கூட எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். தண்ணீர் இறங்கிப் பந்தல் தலைகாட்டும் பருவத்தில் உள்ளே கை விடாதீர்கள். தண்ணீர்ப் பாம்பு இருக்கும், வெயில் ஏறினால் தேளும் சேரும். ஒரு கம்பால் தட்டிவிட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

காய்ந்ததும் எல்லாக் கயிற்றையும் வருடாவருடம் மாற்றுங்கள், நன்றாக இருக்கிற மாதிரி தெரிந்தாலும். கட்டைகளை ஆணியால் குத்திப் பாருங்கள். அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் அது விறகுக்குக் கூட ஆகாது. நனைந்தும் காய்ந்தும் மாறி மாறிக் கிடக்கும் மரம் சீக்கிரம் இற்றுப்போகும். எங்கள் அடித்தளக் கட்டைகள் மூன்று வருடம் தாங்கின, மேல் அடுக்குச் சிம்புகளை ஒவ்வொரு வருடமும் புதிதாக வைக்கிறோம். புதைகல்லை மட்டும் தொடுவதில்லை. கயிற்றை மாற்ற ஒரு முழம் தோண்டினால் போதும்.

போன மாசியில் இரண்டாவது பந்தலின் மேல்கிளை தண்ணீருக்கு மேலே ஒரு சாண் தெரிய ஆரம்பித்திருந்தது. பிரிக்கலாம் என்று அரிவாளோடு இறங்கினேன். கிளைக்குப் பக்கத்தில் தண்ணீர் ஒரு தட்டளவுக்குச் சிவப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. விரால் குஞ்சுகள். நெல்மணி நீளம் கூட இருக்காது, நூற்றுக்கணக்கில் ஒரே பந்தாக மேலே வந்து மூச்சுக் குடித்துவிட்டு உள்ளே போயின. கொஞ்சம் தள்ளி, கரிய முதுகோடு பெரியது ஒன்று என்னைப் பார்த்த மாதிரியே நின்றது. கரையிலிருந்து நீர்பாய்ச்சி, "என்ன மாப்ள, எடுக்கலையா?" என்றார். "இன்னும் ஒரு வாரம் கெடக்கட்டும் மாமா" என்று சொல்லிவிட்டு ஏறி வந்துவிட்டேன்.